தஞ்சாவூர் வாளின் அலகில் ரோமன் எழுத்து: இது யாருடைய வாள்?

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஆயுதக் கூடத்தில் ஒரு வாளின் முன்னால் இரண்டு பேரும் அரைமணி நேரம் நின்றுவிட்டோம். ஏழெட்டு வாள்களை வரிசையாக மாட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியில் அது மூன்றாவது. கீழே ஒரு சிறிய அட்டை: "வாள், தஞ்சாவூர், 17ஆம் நூற்றாண்டு". அவ்வளவுதான்.

வாளைச் சொல்கிறேன். நேரான அலகு, கண்ணளவில் மூன்றடி இருக்கும். பிடி முழுக்க இரும்பு. விரல்களைக் காக்க முன்பக்கம் அகலமான பட்டை ஒன்று வளைந்து வருகிறது, அதன் நுனி கிளியின் தலை. பிடியின் உச்சியில் ஒரு வட்டத் தட்டு, தட்டின் நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு மேல் முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. பிடியிலிருந்து அலகின் இரண்டு பக்கமும் நீளமான தகடு இறங்குகிறது. அந்தத் தகடுதான் எங்களை நிறுத்தியது. யாளி, கொடி, மொட்டு எல்லாவற்றையும் இரும்பிலேயே துளைத்து எடுத்திருக்கிறார்கள், துளை வழியாகப் பின்னால் அலகு தெரிகிறது. கிளியின் கழுத்தில் பொன் கம்பி பதித்திருந்த சுவடு, பாதி உதிர்ந்துவிட்டது, ஆனால் வெளிச்சம் பட்டால் இன்னும் மின்னுகிறது.

இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகு மகள் கேட்டாள், "அப்பா, வாளில் ஏன் இங்கிலீஷ் எழுத்து இருக்கு?" குனிந்து பார்த்தால் அலகின் நடுவே ஓடும் பள்ளத்தில் ரோமன் எழுத்துகள். ஏ, என், டி மூன்றும் தெளிவு. மற்றவை துருவில் போய்விட்டன.

என் கேள்விகள் இரண்டு. இது தஞ்சாவூர் வாள் என்றால் ரோமன் எழுத்து எப்படி வந்தது? இவ்வளவு வேலைப்பாடு உள்ள வாளை யாராவது சண்டையில் தூக்கியிருப்பார்களா, அல்லது அரசவையில் காட்டுவதற்கு மட்டும்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், சும்மா எதையாவது சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

சுவடிப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.05

அருமையான கேள்வி. உங்கள் மகளின் கண்ணுக்கு ஒரு வணக்கம்.

ஏ, என், டி என்று தொடங்கினால் பெரும்பாலும் அது 'ஆந்த்ரியா ஃபெராரா' என்ற பெயராக இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பெல்லூனோ பக்கம் இருந்த வாள் கொல்லர். அவர் பெயருக்கு இருந்த மதிப்பால், அவர் காலத்துக்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கொல்லர்கள் தங்கள் அலகுகளில் அதே பெயரைப் பொறித்து விற்றார்கள். ஒரு 'ர' குறைவாக, ஒரு 'ர' கூடுதலாக, விதவிதமான எழுத்துக்கூட்டலில் கிடைக்கும். ஆகவே பெயர் இருப்பதாலேயே அவர் கையால் செய்தது என்று ஆகாது.

இப்படி ஐரோப்பிய அலகும் இந்தியப் பிடியும் சேர்ந்த வாளுக்கு மராட்டியத்திலும் தக்காணத்திலும் 'ஃபிரங்கி' என்றே பெயர். நம்முடைய 'பரங்கி' அதே சொல்தான். பரங்கிமலை, பரங்கிப்பேட்டை, பரங்கிக்காய் வரிசையில் இந்த வாளையும் வைத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகீசியர்கள் 1498ல் கள்ளிக்கோட்டை வந்தார்கள், 1510ல் கோவாவைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு மேற்குக் கரைத் துறைமுகங்களில் அலகு மட்டும் தனிச் சரக்காக வந்து இறங்கியது. பிடி இல்லாமல் வரும், இங்கே வாங்கியவர் தனக்குப் பிடித்த பிடியைப் போட்டுக்கொள்வார்.

நேர்வழி | திங்கள், காலை 7.30

அப்படியென்றால் அந்த அட்டை தவறு. "ஜெர்மனி, பிடி மட்டும் தஞ்சாவூர்" என்று எழுத வேண்டும். அலகு இல்லாமல் வாள் ஏது? வெட்டுவது அலகுதானே. வெளியூர்ச் சரக்குக்கு நாம் ஒரு பூண் கட்டிவிட்டு நம்முடையது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இது சண்டைக்குப் போன வாள் இல்லை. ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் உள்ள வீட்டில் இருக்கின்றன, அதியமானுடையவை நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். உழைத்த ஆயுதம் எது என்று அந்த ஒரு பாட்டிலேயே தெரிந்துவிடும். கிளித்தலை, யாளி, பொன் கம்பி எல்லாம் தொண்டைமான் கொட்டிலைச் சேர்ந்தவை.

உலைக்களம் | திங்கள், இரவு 11.20

நான் கொல்லர் குடும்பம். அப்பா, தாத்தா எல்லோரும் அரிவாள் அடித்தவர்கள், நானும் பதினைந்து வருடம் உலையில் நின்றவன். வாள் அடித்ததில்லை, ஆனால் இரும்பு எங்கே உழைக்கும், எங்கே உடையும் என்று தெரியும். நேர்வழி அண்ணா சொன்ன இரண்டையும் நான் மறுக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை சொன்ன அந்தத் துளைத்த தகடு, அதை எல்லோரும் அலங்காரம் என்று பார்க்கிறோம். அது அங்கே இருப்பதற்குக் காரணம் வேறு. ஒரு நேரான நீள அலகு ஓங்கி விழும்போது அடி முழுவதும் வந்து சேருகிற இடம் பிடியும் அலகும் சந்திக்கும் கழுத்து. அரிவாளிலும் அப்படித்தான், பிடி கழன்று கையில் வருவதும் இரும்பு முறிவதும் அந்த இடத்தில்தான். நம் பக்கத்து வாள்களில் பிடிக்குள் இறங்கும் இரும்பு குட்டையாக இருக்கும். அதை உள்ளே வைத்து அரக்கை உருக்கி ஊற்றி இறுக்குவார்கள், எங்கள் வீட்டுக் கத்திப் பிடிக்கும் அரக்குத்தான். அரக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் மூன்றடி அலகின் ஆட்டத்தை அது மட்டும் தாங்காது. அதனால்தான் பிடியிலிருந்து இரண்டு கை நீண்டு வந்து அலகைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி தகடு வைத்து, ஊடுருவ அடித்து இருபுறமும் தலை தட்டி இறுக்கும் தறையாணி அடித்திருக்கிறார்கள். பாரம் கழுத்தில் மட்டும் நிற்காமல் கீழே பரவிப் போகும்.

சரி, தகட்டை ஏன் துளைக்க வேண்டும்? துளைத்தால் எடை குறையும். முழுத் தகடாக விட்டால் வாள் கைக்குள் செத்த எடையாகிவிடும். எங்கே இரும்பு வேண்டுமோ அங்கே கொடியின் தண்டு ஓடும், எங்கே வேண்டாமோ அங்கே இலைக்கு நடுவில் ஓட்டை இருக்கும். யாளியின் முதுகு எந்தப் பக்கம் வளைகிறது என்று அடுத்த முறை போனால் பாருங்கள். அனேகமாகத் தறையாணியை நோக்கித்தான் வளையும்.

அந்த உச்சி முள்ளும் அழகுக்கு இல்லை. ஒரு கையால் பிடியைப் பிடித்து, ஓங்கி வெட்டும்போது இன்னொரு கை அந்த முள்ளைப் பற்றிக்கொள்ளும். இரண்டு கை வெட்டு. கண்டா என்று சொல்கிற நேர்வாள்களிலும் இதே முள் இருக்கும்.

வெளியூர் அலகு என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். அலகு சரக்காக வந்தது. அதை வாளாக்கியது அந்தக் கழுத்து. சோலிங்கன் கொல்லன் இந்தத் தகட்டை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான், அவன் பழகிய பிடி வேறு வகை. இங்கே இருந்தவன் அந்த அலகைக் கையில் வாங்கி, வளைத்துப் பார்த்து, தட்டி ஓசை கேட்டு, இதற்கு எவ்வளவு நீளத் தகடு வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறான். எனக்கு அந்த முடிவுதான் வாள்.

மேலக்கோட்டை | செவ்வாய், காலை 6.48

உலைக்களம் அண்ணா, இரண்டு தடவை படித்தேன். நன்றி.

எனக்கு ஒரு சந்தேகம். உலகத்துக்கே உருக்கு அனுப்பிய நாடு இது, டமாஸ்கஸ் வாள் என்று பெயர் வாங்கிய வாள்களுக்கே இரும்பு இங்கிருந்துதான் போனது என்று படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நாம் ஏன் வெளியிலிருந்து அலகு வாங்கினோம்?

சுவடிப்பெட்டி | செவ்வாய், மதியம் 1.15

இதற்குப் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நீங்கள் படித்தது சரி. மூசையில், அதாவது உருக்கும் மண் கிண்ணத்தில், இரும்பையும் இலை, மரத்துண்டுகளையும் வைத்து மண்ணால் மூடி உருக்கி எடுத்த எஃகு நம்முடையது. தெலங்கானாவின் கோனசமுத்திரம், தமிழ்நாட்டில் மேல்சிறுவலூர், கொடுமணல் எல்லாம் இந்தத் தொழிலோடு சேர்த்துப் பேசப்படும் ஊர்கள். நாம் உருக்கு என்போம், கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. அந்தச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் 'வூட்ஸ்' ஆனது என்பது பலரும் ஏற்கும் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மசூலிப்பட்டினம் பக்கத்திலிருந்து இந்த எஃகுக் கட்டிகளைக் கப்பலில் ஏற்றினார்கள், பாரசீகத்துக்கும் போனது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்காக நமக்குத் தெரிந்த அதே ஃபாரடே, 1819 தொடங்கி இந்த எஃகை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். இதன் கார்பன் அளவு 1.5 சதவீதம் அருகில் வரும், சாதாரண எஃகைவிட அதிகம். அதனால்தான் அலகின் மேல் தண்ணீர் ஓடுவது போன்ற வரிகள் தெரிகின்றன. கார்பனும் இரும்பும் சேர்ந்த கடினமான துகள்கள் வரிசையாக நிற்பதன் தோற்றம் அது. இரும்புத் தாதுவில் துளியளவு வனேடியம் போன்ற தனிமங்கள் இருந்ததால்தான் அந்த வரிசை உண்டானது என்று 1990களில் அமெரிக்க ஆய்வாளர் வெர்ஹோவனும் வாள் கொல்லர் பெண்ட்ரேயும் செய்து காட்டினார்கள்.

ஆனால் கார்பன் கூடினால் கூர்மை நிற்கும், வளைவு குறையும். கொஞ்சம் கவனம் தப்பினால் அடிக்கும்போதே விரிசல் விடும், கட்டிகளும் சிறியவை. வளைந்த வாளுக்கு, இழுத்து அறுக்கிற வெட்டுக்கு, அது ராஜ எஃகு. நீளமான நேர் அலகு, குதிரை மேலிருந்து குத்தவும் வேண்டும், வளைந்தால் திரும்பி நேராகவும் வேண்டும் என்றால் ஐரோப்பிய அலகு கைகொடுத்தது. ஜஹாங்கீர் அவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவோடு எட்வர்ட் டெர்ரி என்ற பாதிரியார் இருந்தார். இங்கத்திய வாள்கள் மிகக் கூர்மையானவை, ஆனால் வளைவதற்குப் பதில் உடைந்துவிடும், அதனால் எங்கள் அலகுகள் இங்கே நல்ல விலைக்குப் போகின்றன என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். அவர் விற்கிற நாட்டுக்காரர் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும், ஆனாலும் சந்தை இருந்தது என்பது உண்மை.

ஆக, எஃகு இங்கிருந்து மேற்கே போனது, அலகு மேற்கிலிருந்து இங்கே வந்தது. இரண்டும் ஒரே காலம்.

நேர்வழி அவர்களுக்கு ஒரு தகவல். நாக்பூர் போன்ஸ்லே மரபைத் தொடங்கிய ரகுஜி போன்ஸ்லேயின் வாளை மகாராஷ்டிர அரசு லண்டன் ஏலத்தில் வாங்கி 2025 ஆகஸ்டில் மும்பைக்குக் கொண்டுவந்தது. அந்த வாளும் ஃபிரங்கிதான். அலகு ஐரோப்பாவில் செய்தது, அதன் முதுகில் தேவநாகரியில் பொன்னால் ரகுஜியின் பெயர். அங்கே யாரும் அதை ஐரோப்பிய வாள் என்று சொல்லவில்லை.

நேர்வழி | செவ்வாய், இரவு 8.40

உலைக்களம் தம்பி எழுதியதைப் படித்த பிறகு 'பூண்' என்ற என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். தகட்டின் வேலையை நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் உழைத்த வாள் என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உழைக்கும்படி செய்திருக்கலாம். உழைத்ததா என்பது வேறு கேள்வி. அப்புறம் இன்னொன்று, அது தஞ்சாவூர்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? மதுரையில் யாளி இல்லையா, வேலூரில் இல்லையா, பெனுகொண்டாவில் இல்லையா?

கண்ணாடிப்பெட்டி | புதன், இரவு 10.30

நான் அருங்காட்சியகப் பொருட்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். நேர்வழி அவர்களின் முதல் கேள்விக்கு அட்டையில் பதில் கிடைக்காது, ஆனால் வாளில் கிடைக்கும்.

உழைத்த வாளைக் கண்டுபிடிக்க வெட்டுவாயைப் பாருங்கள். ஒரு அலகைத் திரும்பத் திரும்பச் சாணை பிடித்தால் அது ஒரே அளவில் தேயாது. பிடிக்கு அருகில் அவ்வளவாகத் தேய்மானம் இருக்காது, நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதாவது அடி விழும் இடத்தில், அலகு லேசாக உள்ளே வாங்கியிருக்கும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தக் குழிவு தெரியும். நடுப்பள்ளத்துக்கும் வெட்டுவாய்க்கும் இடையே உள்ள அகலம் எல்லா இடத்திலும் ஒன்றுதானா என்று பார்க்கலாம். பிடியின் உட்பக்கத்தையும் பாருங்கள், உள்ளங்கை படும் இடத்தில் பொன் வேலை தேய்ந்து விரல் எட்டாத மூலையில் மட்டும் மிச்சம் இருந்தால் யாரோ அதைப் பல வருடம் பிடித்திருக்கிறார்கள். வெளிக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்தது என்றால் அந்த ஒழுங்கு இருக்காது.

பொன் எப்படி உதிர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்பின் மேல் பொன்னை ஒட்ட இரண்டு வழி. ஒன்று உளியால் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கும்படி செய்து, கம்பியை அடித்து இறக்குவது. அது நூற்றாண்டுகள் நிற்கும். இன்னொன்று மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்கும் நெருக்கமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பின் மேல் மெல்லிய பொன் கம்பியை வைத்துத் தட்டி, சூடு காட்டி, மெருகுக்கல்லால் தேய்ப்பது. கோஃப்த்காரி என்பார்கள். இதில் கீழே துரு பூத்தால் பொன் தகடு தூக்கிக்கொண்டு வந்துவிடும். உதிர்ந்த இடத்தில் வலை மாதிரி கீறல் தெரிந்தால் இரண்டாவது வகை.

மேலக்கோட்டை | வியாழன், காலை 6.20

அக்கா, எங்கள் வீட்டிலும் ஒரு பழைய வாள் உண்டு, பிடி உடைந்தது. வருடம் ஒரு முறை ஆயுத பூஜைக்கு எடுத்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைப்போம். அப்புறம் அடுத்த வருடம் வரைக்கும் உறையிலேயே இருக்கும். செய்வது சரியா? பாட்டி காலத்திலிருந்து இப்படித்தான்.

கண்ணாடிப்பெட்டி | வியாழன், இரவு 9.55

பூஜையை நிறுத்த வேண்டாம். புளியை நிறுத்துங்கள். புளி, எலுமிச்சை எல்லாமே அமிலம், துருவோடு நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்றுவிடும். சாம்பல், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். அலகில் எழுத்தோ முத்திரையோ வரியோ இருந்தால் ஒவ்வொரு வருடமும் அது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கும். பழைய சேகரிப்புகளிலும் இந்தப் பளபளப்பு ஆசையால் போன வாள்கள் நிறைய, உருக்கின் நீர்வரி மொத்தமும் தேய்ந்து வெறும் எவர்சில்வர் மாதிரி நிற்கும். பார்த்தால் அழுகை வரும்.

சந்தனமும் குங்குமமும் வைத்தால் அன்று மாலையே காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு மெல்லிய மெழுகுப் பூச்சு. மிக முக்கியம், உறைக்குள் வைக்காதீர்கள். மரமும் தோலும் வெல்வெட்டும் ஈரத்தை உறிஞ்சி, நாள் முழுவதும் அலகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உறை தனி, வாள் தனி. நாங்களும் அப்படித்தான் வைக்கிறோம், அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள முயல்கிறோம், கடற்கரை ஊரில் அது பெரிய போராட்டம்.

உடைந்த பிடியைப் புதிதாக ஒட்டவும் வேண்டாம். உள்ளே பழைய அரக்கு இருந்தால் அதுவே ஒரு சான்று.

சுவடிப்பெட்டி | வெள்ளி, இரவு 11.40

நேர்வழி கேட்ட தஞ்சாவூர் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், இதை எழுதினால் எனக்கு மனம் கனத்துவிடும்.

தஞ்சையில் நாயக்கர்கள் 1532 முதல் 1673 வரை, பிறகு மராட்டியர்கள். ஒரு ஆட்சி போய் இன்னொன்று வரும்போது ஆயுதக் கிடங்கு அப்படியே கைமாறும். கட்டாரி, வாள், அங்குசம், ஈட்டி என்று சேர்ந்துகொண்டே வந்தது. 1855ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. அந்தக் கிடங்கு கலைக்கப்பட்டபோது, தேர்ந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்.

இன்னொரு முறை படியுங்கள். உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வெண்ணாற்றங்கரையும் மகளும் அரைமணி நேரம் நின்று பார்த்தது போன்ற வேலைப்பாடுகள், உலைக்களம் சொன்ன அந்தக் கழுத்துகள், எத்தனை எடைக்கல்லில் போயின என்று நினைத்தால் தூக்கம் வராது. தப்பியவற்றில் சில வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கைக்குப் போயின. அமெரிக்கரான ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் 1935ல் தன் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார், அதிலும் தென்னிந்தியக் கட்டாரிகள் உண்டு.

இப்போது கேள்விக்கு. 'தஞ்சாவூர்' என்று எழுதினால் இரண்டு பொருள் வரலாம். தஞ்சாவூரில் செய்தது என்பது ஒன்று. தஞ்சாவூர்க் கிடங்கிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றில்லை. பிகானேரை எடுத்துக்கொள்ளுங்கள், ராஜஸ்தான் பாலைவனக் கோட்டை. அங்கே எவ்வளவோ தென்னாட்டு, தக்காணத்து ஆயுதங்கள் இருக்கின்றன, ஏனென்றால் 1689ல் ஆந்திரத்தின் ஆதோனி கோட்டை விழுந்தபோது ஔரங்கசீப்பின் படையில் இருந்த பிகானேர் அரசர் அனூப் சிங் அவற்றை எடுத்துப் போனார். பல ஆயுதங்களில் புள்ளி புள்ளியாகக் குத்திய தேவநாகரி எழுத்தில் ஆதோனியின் பெயரும் ஆண்டும் உண்டு. இந்தப் புள்ளி எழுத்து மட்டும் இல்லையென்றால் அவற்றையெல்லாம் ராஜஸ்தான் வாள் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

எனவே வெண்ணாற்றங்கரை, அடுத்த முறை போனால் பிடியிலும் கழுத்துக்குக் கீழேயும் ஏதாவது குத்தெழுத்து, எண் இருக்கிறதா பாருங்கள். யாளியின் உருவத்துக்கு ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரை வீரர் தூண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தத் தூண்களில் வீரர்கள் பிடித்திருக்கும் ஆயுதங்களை யாராவது நிதானமாகப் படம் எடுத்துப் போட்டால் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பாதி வழி தெரியும்.

புதுத்தெரு | சனி, காலை 10.10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 2023 மே மாதம் லண்டனில் திப்புவின் படுக்கையறை வாள் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனதே, இந்த வாளுக்கு என்ன மதிப்பு இருக்கும்? இந்த மாதிரி வாள்களை எல்லாம் வெளிநாட்டிலிருந்து திரும்பக் கேட்கக் கூடாதா?

சுவடிப்பெட்டி | சனி, மதியம் 12.30

திப்பு வாளின் விலையில் பெரும்பகுதி திப்புவின் பெயருக்கு. 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தது, தாக்குதலை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பேர்டுக்கு வாள் போனது, அந்தக் கதை முழுவதும் விலையில் சேர்கிறது. பெயர் தெரியாத கொல்லன் செய்த, பெயர் தெரியாத வீரன் பிடித்த வாளுக்கு அந்த விலை வராது. வர வேண்டியதும் இல்லை, இது விற்பனைக்கு இல்லாத பொருள். நம் நாட்டில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

திரும்பக் கேட்பதில், எப்படிப் போனது என்பதுதான் பார்க்க வேண்டியது. கிளாஸ்கோ அருங்காட்சியகங்கள் 2022 ஆகஸ்டில் ஏழு பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பித்தர ஒப்பந்தம் செய்தன. அதில் ஒன்று ஹைதராபாத் நிஜாம் சேகரிப்பிலிருந்து 1905ல் திருடப்பட்டு ஒரு ஆங்கிலேய ஜெனரலுக்கு விற்கப்பட்ட வாள். திருட்டு என்று காகிதத்தில் காட்ட முடிந்தது, அதனால் வழி பிறந்தது. காகிதம் வேண்டும், பதிவேடு வேண்டும். நம் கையில் இருக்கும் வாளுக்கே நான்கு சொல் அட்டைதான் என்றால் வெளியே இருக்கும் வாளுக்கு என்ன சொல்லிக் கேட்போம்?

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 8.50

இன்று மறுபடியும் போய்வந்தோம். டார்ச் கொண்டுபோனோம், மகள் நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தாள். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை, கண்ணாடி வழியாகவே பார்த்தோம். கூடத்தில் இருந்த பணியாளர் எங்களை விரட்டாமல், பக்கத்து விளக்கையும் போட்டுக் கொடுத்தார். அவருக்கு நன்றி.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெட்டுவாய் தேய்ந்திருக்கிறது. கண்ணாடிப்பெட்டி அக்கா சொன்ன அதே இடம், நுனியிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் அலகு உள்ளே வாங்கியிருக்கிறது. அடிபட்டு வெட்டுவாயில் விழுந்த இரண்டு சிறிய பற்களும் தெரிகின்றன, ஒன்றைச் சாணை பிடித்து மழுக்கியிருக்கிறார்கள், இன்னொன்று அப்படியே இருக்கிறது. நேர்வழி ஐயா, இதை நீங்களே வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

யாளியின் முதுகு தறையாணியை நோக்கித்தான் வளைகிறது. இரண்டு பக்கமும். உலைக்களம் அண்ணா, இதைப் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் நான்கு தறையாணி, அதில் மூன்றின் தலை பூவிதழ் மாதிரி வெட்டியது, நான்காவதின் தலை வெறும் உருண்டை. யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள், அல்லவா? ஒரு முறை கழன்று, மறுபடி பட்டறைக்குப் போய் வந்திருக்க வேண்டும்.

எழுத்து: டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததில் 'டி'க்குப் பிறகு 'ஆர்' ஒன்று கிடைத்தது. அதற்கு மேல் இல்லை. பொன் உதிர்ந்த இடத்தில் கிளிக் கழுத்தில் வலைக் கீறல் இருக்கிறது.

புள்ளிக் குத்தெழுத்து எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் பிடித்தட்டின் அடியில், பெட்டிக்குக் கீழிருந்து குனிந்து பார்த்தால், வெள்ளைப் பெயின்டில் ஒரு பழைய எண். மூன்று இலக்கம். அதற்கு மேல் அதைவிடப் புதிதாக இன்னொரு எண்.

நேர்வழி | ஞாயிறு, இரவு 9.35

வந்து பார்க்கிறேன். பற்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஔவையார் பாட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். கொல்லன் பட்டறைக்குப் போய் வந்த வாள், பொன் கம்பியும் கிளியும் அணிந்தே போய் வந்திருக்கிறது. நான் இரண்டாகப் பிரித்தது தவறு.

உலைக்களம் | ஞாயிறு, இரவு 10.02

அந்த உருண்டைத் தலை ஆணி அடித்தவன் வேறு ஆள். அவசரத்தில் அடித்தது. இதழ் வெட்ட நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள், வாள் உடனே வேண்டியிருந்திருக்கும். அந்த ஆணியைத் தயவுசெய்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

கண்ணாடிப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.48

பழைய எண் இருப்பது பெரிய செய்தி. எண் இருந்தால் ஒரு காலத்தில் ஒரு பதிவேட்டில் ஒரு வரி இருந்திருக்கும்: எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது. எண் இரண்டு இருப்பதால் பதிவேடும் இரண்டாக இருக்கலாம். காப்பாட்சியருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள், இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு, பதிவேட்டு வரியின் நகல் மட்டும் கேளுங்கள். மகள் வரைந்த படத்தையும் வைத்து அனுப்புங்கள், தறையாணி நான்கும் அதில் இருக்கிறது அல்லவா?

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 11.15

இருக்கிறது. மூன்று பூவும் ஒரு உருண்டையும். கடிதத்தை நாளை தபாலில் போடுகிறேன், பதில் வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.